தந்தை கடனும் பள்ளியும்: யூதர் இலக்கியத்தில் இல்வாழ்க்கையும் சமயக் கல்வியும்

ஒரு சமுதாயம் தன் சமய உணர்வையும் ஒழுகலாற்றையும் வழிவழியாக எவ்வாறு கையளிக்கின்றது என்பது, அதன் இலக்கியத்தை ஆராய்வார் முதற்கண் எழுப்ப வேண்டிய வினாக்களுள் ஒன்று. சட்ட நூல்கள் கையளிக்கும் முறையை விதிக்கும். வரலாற்று நூல்கள் பள்ளிகளின் தோற்றத்தையும் மறைவையும் எடுத்துரைக்கும். ஆயின், கையளிக்கப்பெற்ற பொருள் பிள்ளையின் உள்ளத்தைச் சென்று சேர்ந்ததா, வழியிலேயே சிந்திப் போயிற்றா என்பதை இலக்கியமே காட்டவல்லது. இவ்வகையில் யூதர்தம் இலக்கியம் பெரிதும் ஆராயத்தக்கது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் உரோமரால் அழிக்கப்பட்டது. அதன்பின் 1948இல் இசுரேல் நாடு தோன்றும் வரை அம் மக்களுள் மிகப் பெரும்பாலோர் பிறர் ஆட்சியின்கீழ்ப் பல நாடுகளில் சிதறி வாழ்ந்தனர். பிற நாடுகளில் அரசும் ஆலயமும் செய்த பணியை அவர்களிடையே வீடும் பள்ளியும் செய்தன.

இவ்விரண்டனுள் பள்ளியே தலையாயது என்பது பலர் கருத்து. நூலைக் கற்ற மக்கள் நூலால் நிலைபெற்றனர் என்பர். இக் கருத்தின் வழியே இலக்கியத்தை நோக்குவோர், ஷோலெம் அலைக்கெமின் தெவ்யே கதைகள் முதல் ஹைம் போட்டாக்கின் புதினங்கள் வரையுள்ள படைப்புகளைப் பழைய சமயக் கல்விக்கும் புதிய உலகக் கல்விக்கும் இடையே நிகழ்ந்த போராகக் காண்பர். இது முற்றும் பிழையன்று. ஆயினும் நூல்களை ஊன்றிப் பயில்வார்க்கு நிறைவளிப்பதும் அன்று. நாம் ஈண்டு நிறுவ முற்படுவது வேறொன்று. யூதர் மரபில் சமயக் கல்வியின் உயிர்நாடி பிள்ளையின் வினா. அவ் வினாவை எதிர்கொள்வது தந்தையின் கடன். வினாவும் விடையும் வீட்டில் அற்றுப்போன இடத்திலேயே மேற்கூறிய படைப்புகளின் துன்பம் பிறக்கின்றது. புதுக்கல்வி அவ் வெற்றிடத்தில் நுழைந்ததே அன்றி, அதனை உண்டாக்கியது அன்று.

1. விதியும் அதன் விலக்கும்

உபாகமத்தின் ஆறாம் அதிகாரம் இறைவன் கட்டளைகளைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்குமாறு பணிக்கின்றது. வீட்டில் இருக்கும்போதும் வழி நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் அவற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அங்குள்ள விதி. இங்குப் பள்ளி என்பதே குறிக்கப்படவில்லை. வீடும் வழியுமே கல்விக் களங்கள். யாத்திராகமத்தின் பதின்மூன்றாம் அதிகாரமோ, மகன் ஒருநாள் இதன் பொருள் யாதெனக் கேட்பான் என்று எதிர்நோக்கி, அப்போது கூறவேண்டிய விடையையும் தருகின்றது. தல்மூதின் கித்துஷீன் என்னும் பகுதி தந்தை மகனுக்குச் செய்ய வேண்டிய கடன்களைத் தொகுத்துரைக்கும். விருத்தசேதனம் செய்வித்தல், முதற்பேறாயின் மீட்டல், தோரா கற்பித்தல், மணம் முடித்தல், தொழில் பயிற்றல் என்பன அவை. நீந்தக் கற்பித்தலையும் உடன் சேர்ப்பார் சிலர்.

இக் கடன் ஆண்டுதோறும் சடங்காக நடித்துக் காட்டப்பெறும் நாள் பஸ்கா இரவு. குடும்பத்தின் இளைய பிள்ளை நான்கு வினாக்களை எழுப்ப, எகிப்திலிருந்து முன்னோர் மீண்ட வரலாறு விடையாக விரியும். அன்று ஓதப்பெறும் அகாதா என்னும் நூல் நால்வகை மக்களைப் பற்றிக் கூறுகின்றது: அறிவுடையவன், தீயவன், எளியவன், கேட்கவே அறியாதவன். நால்வருக்கும் விடை ஒன்றன்று. அவரவர் வினாவுக்கேற்ப விடை வேறுபடும். கேட்க அறியாதவனுக்குத் தந்தையே பேச்சைத் தொடங்கி வைத்தல் வேண்டும். கேட்கத்தக்க மகன் இல்லையேல் மனைவி கேட்க வேண்டும். அவளும் இல்லையேல் அவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது தல்மூதின் கருத்து. விடையினும் வினாவுக்கு எத்துணை ஏற்றம் தரப்பட்டது என்பது இதனால் புலனாகும்.

அங்ஙனமாயின் பள்ளி எவ்வாறு தோன்றிற்று? பாபா பத்ரா என்னும் பகுதி இதற்கு விடை கூறுகின்றது. முற்காலத்தில் தந்தை உள்ளவன் தந்தையிடம் கற்றான். தந்தை இல்லாதவன் கல்லாது நின்றான். இக் குறை நீக்க முதலில் எருசலேமில் ஆசிரியரை அமர்த்தினர். அப்போதும் தந்தை உடையவனே அழைத்துச் செல்லப்பட்டான். பின்னர் மாவட்டந்தோறும் ஆசிரியரை அமர்த்திப் பதினாறு, பதினேழு வயதினரைச் சேர்த்தனர். ஆசிரியர் சினந்தால் அவ் வயதினர் எதிர்த்து வெளியேறினர். இறுதியில் யோசுவா பென் கம்லா என்னும் தலைமைக் குரு, ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்தி ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்க வழி செய்தார். இவர் முதல் நூற்றாண்டில், ஆலயம் அழிதற்குச் சில ஆண்டுகள் முன் வாழ்ந்தவர். ஓர் ஆசிரியருக்கு 25 மாணவர். 40 பேராயின் துணையாள் ஒருவர். 50 பேராயின் ஆசிரியர் இருவர் என்னும் வரையறையும் அங்கேயே உண்டு.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்று. பள்ளி தோன்றியது தந்தையிலாப் பிள்ளையின் பொருட்டு. அது வீட்டுக்கு மாற்றாக எழுந்ததன்று. வீடு இல்லார்க்கு வீடாக எழுந்தது. இத் தோற்ற வரலாற்றை நினைவில் இருத்தினால் பின்வரும் இலக்கியங்களின் உட்பொருள் தெளிவாக விளங்கும்.

விதியில் மற்றொன்றும் உண்டு. கற்பிக்கும் கடன் தாய்க்கு விதிக்கப்படவில்லை. மகளுக்குக் கற்பிக்கும் கடன் தந்தைக்கும் விதிக்கப்படவில்லை. மகளுக்கும் தோரா கற்பிக்க வேண்டும் என்றார் பென் அசாய்; ரபி எலியேசர் அதனைக் கடுமையாக மறுத்தார். பின்வந்த நூற்றாண்டுகளில் எலியேசரின் கருத்தே பெரும்பாலும் வழக்கில் நின்றது. எனினும் ஓய்வுநாள் விளக்கேற்றுதல், உணவின் தூய்மை காத்தல், பண்டிகைக்கு வீட்டை ஆயத்தம் செய்தல் ஆகியவை பெண்டிர் கையிலேயே இருந்தன. கடனிலிருந்து விலக்கப்பட்டவரே கடனின் பெரும்பகுதியை ஆற்றினர். இம் முரண்பாடு இலக்கியத்தில் மீண்டும் மீண்டும் தலைகாட்டும்.

2. கிளிக்கெலின் நினைவுரை

வீடே பள்ளியாக நின்ற நிலையைக் காட்டும் நூல்களுள் தலைசிறந்தது, ஹாம்பர்க் நகரில் பிறந்த கிளிக்கெல் என்னும் பெண்மணி இத்திஷ் மொழியில் எழுதிய நினைவுரை. இவர் 1640களின் நடுவில் பிறந்து 1724இல் மெட்ஸ் நகரில் மறைந்தவர். பதினான்கு வயதில் ஹாமெல்ன் ஊர்க் ஹயிமை மணந்து, பன்னிரு மக்களை ஆளாக்கி, முத்து வாணிகத்தில் கணவருக்குத் துணை நின்றவர். 1689இல் கணவர் இறந்தபின், உறக்கமற்ற இரவுகளின் துயர் தணிக்கவும், மக்கள் தம் குடிவழியை அறியவும் எழுதத் தொடங்கினார். ஏழு பகுதிகள் கொண்ட இந்நூல் 1896இல் டேவிட் காவ்ஃப்மன் என்பவரால் முதன்முதல் அச்சேறியது. 1910இல் பெர்த்தா பாப்பன்ஹைம் அதனைச் செருமானியத்தில் பெயர்த்தார்.

வரலாற்றாசிரியர் இந்நூலைப் பதினேழாம் நூற்றாண்டு வாணிகத்துக்குச் சான்றாக எடுத்தாள்வர். திறனாய்வாளர் நோக்க வேண்டியது அதன் அமைப்பை. தாம் அறநூல் எழுத முற்படவில்லை, அதற்குச் சான்றோர் நூல்கள் உள்ளன என்று கிளிக்கெல் கூறுகின்றார். ஆயின் குடும்ப நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி முடித்ததும் ஒரு கதை, கதையை அடுத்து இறைவனிடம் ஒரு விண்ணப்பம், மீண்டும் நிகழ்ச்சி என நூல் நடக்கின்றது. இஃது ஏட்டுக் கல்வியின் நடையன்று. உணவு மேசையைச் சுற்றி அமர்ந்த மக்களிடம் பேசும் தாயின் நடை. வீட்டில் இருக்கும்போதும் வழி நடக்கும்போதும் பேசுக என்ற பழைய விதி இங்கு ஓர் இலக்கிய வடிவமாகவே மலர்ந்துள்ளது எனலாம்.

முதற் பகுதியில் வரும் பறவைக் கதை இவ் ஆராய்ச்சிக்குத் திறவுகோல். தந்தைப் பறவை ஒன்று மூன்று குஞ்சுகளை ஒவ்வொன்றாகச் சுமந்து கடலைக் கடக்க முயல்கின்றது. நடுவழியில், தான் மூப்பெய்திய காலத்தில் தன்னைக் காப்பாயா என்று வினவுகின்றது. முதலிரு குஞ்சுகளும் காப்பேன் என்கின்றன. பொய்யென அறிந்து தந்தை அவற்றைக் கடலில் விட்டுவிடுகின்றது. மூன்றாவது குஞ்சு, அதற்கு உறுதி கூற இயலாது, ஆனால் நீ எனக்குச் செய்தவாறே என் குஞ்சுகளுக்கு நான் செய்வேன் என்கின்றது. அது கரை சேர்கின்றது.

இக் கதையைப் பெற்றோரின் தன்னலமின்மைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் கொள்ளுதல் சாலாது. கடன் பின்னோக்கித் திருப்பித் தரப்படுவதன்று, முன்னோக்கிக் கையளிக்கப்படுவது என்பது கதையின் கருத்து. அன்றியும், உண்மையான விடை தந்தைக்கு இன்பம் தருவதாக இராது என்பதையும் கதை ஒப்புகின்றது. மனங்குளிரப் பேசும் பிள்ளை கடலில் வீழ்கின்றது. உள்ளதை உரைக்கும் பிள்ளை வாழ்கின்றது. இவ்வளவு கடுமையை ஒரு தாய் தன் மக்கள்முன் வைத்தல் வினா உயிரோடிருந்த வீட்டில்தான் இயலும்.

கிளிக்கெலின் தந்தை ஆண்மக்களோடு பெண்மக்களுக்கும் சமயக் கல்வியும் உலகியற் கல்வியும் அளித்தவர். எபிரேயம் பயிலாப் பெண்டிருக்காக இத்திஷ் மொழியில் அமைந்த திசெனெ-ரெனெ போன்ற நூல்களும் அக்காலத்தில் வீடுதோறும் பரவின. அந்நூலின் 1622ஆம் ஆண்டுப் பதிப்பு இன்றும் கிடைக்கின்றது. சமய நம்பிக்கை இவ் வீடுகளில் எத்துணை இயல்பாகக் கலந்திருந்தது என்பதற்குக் கிளிக்கெல் தரும் ஒரு செய்தி சான்று. 1660களில் சபத்தாய் செவி என்பவரை மெசியா என நம்பிய காலத்தில், அவர் மாமனார் திருநாட்டுக்குப் புறப்படக் கருதித் துணியும் உணவுப் பண்டமும் நிறைந்த பீப்பாய்களை ஹாம்பர்க்குக்கு அனுப்பினார். ஓராண்டுக்கு மேல் அவை காத்துக் கிடந்தன. பின்னர் இறைச்சி கெடுமென அஞ்சித் திறக்கப்பட்டன. மீட்பின் நம்பிக்கையும் அதன் முறிவும் சமையற் பண்டத்தின் வாயிலாகவே அங்கு உணரப்பட்டன.

3. ஹெதெர்

இடைக்காலத்தில் செருமனி, பிரான்சு நாட்டு யூதரிடையே அழகிய வழக்கம் ஒன்று இருந்தது. வாரங்களின் பண்டிகை நாளில் சிறுவனைத் துணியால் போர்த்து ஆசிரியரிடம் சுமந்து செல்வர். எழுத்துப் பலகையில் தேன் தடவி நக்கச் செய்வர். வீட்டின் கையிலிருந்து பள்ளியின் கைக்குப் பிள்ளை மாறும் நேரத்தை இச் சடங்கு இனிமையாக்கியது. ஹெதெர் என்னும் தொடக்கப் பள்ளியின் அன்றாட வாழ்வு அத் தேன்சுவையோடு இருந்ததா என்பது வேறு.

சாலமோன் மைமோன் 1792, 1793ஆம் ஆண்டுகளில் செருமானிய மொழியில் வெளியிட்ட தன்வரலாறு பதினெட்டாம் நூற்றாண்டு லித்துவேனிய ஹெதெரைக் காட்டுகின்றது. புகை படிந்த சிறு குடில். பெஞ்சுகளிலும் வெறுந்தரையிலும் சிறுவர். அழுக்குச் சட்டையோடு மேசைமேல் அமர்ந்து மூக்குப்பொடி இடிக்கும் ஆசிரியர். பலரும் எடுத்துக்காட்டும் காட்சி இது. இதனினும் குறிக்கத்தக்கது, மைமோனின் அறிவு விழித்த இடம் ஹெதெர் அன்று, தந்தையின் நூற்பேழை என்பதே. அங்கே அவர் கண்டெடுத்த வானநூல் அவர் வாழ்வைத் திருப்பியது. சமயக் கல்வியைத் துறந்து மெய்யியலறிஞரான ஒருவரும் தம் வினாக்களின் பிறப்பிடமாக வீட்டையே காட்டுதல் நம் கருத்துக்கு அரண் செய்கின்றது.

4. தெவ்யேயின் மகளிர்

ஷோலெம் அலைக்கெம் 1894 முதல் 1914 வரை எழுதிய தெவ்யே கதைகள் உருசியப் பேரரசின் சிற்றூரில் வாழும் பால் வணிகன் ஒருவனின் தன்கூற்றாக அமைந்தவை. தெவ்யே எதற்கும் மறைமொழி ஒன்றை எடுத்துரைப்பான். பல வேளை அதனைத் திரித்தும் உரைப்பான். இதனை நகைச்சுவை என்று கூறி அமைவர் பலர். நகைச்சுவையே எனினும் அதனுள் ஒரு குறை மறைந்துள்ளது. தெவ்யேயின் மேற்கோள்கள் தனக்குத் தானே கூறிக்கொள்பவை. மகளிரை நோக்கிக் கூறும்போதும் அவர்களுக்கு அவை விளங்குவதில்லை. ஆண்மக்கள் இல்லாத அவ் வீட்டில் கற்பிக்கும் கடன் பெறுவார் இன்றி நிற்கின்றது. உள்ளவை மகளிரின் வினாக்கள். தந்தையிடம் உள்ளவை மறைமொழிகள். இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

1906இல் வெளிவந்த ஹவா கதையில் இக் குறை பெருந்துன்பமாகின்றது. யூதரல்லாத இளைஞனை விரும்பும் ஹவா, கார்க்கியின் நூல்களைப் படிப்பவள். மக்கள் ஏன் இனம் இனமாகப் பிரிந்து நிற்கின்றனர் என்பது அவள் வினா. தந்தை பேச்சை வேறு வழியில் திருப்புகின்றான். அவள் மணந்து பிரிந்தபின், காட்டுவழியில் தனியே வண்டியோட்டிச் செல்லும்போதுதான் அவள் வினா அவனைப் பற்றிக்கொள்கின்றது. யூதன் என்பதும் யூதனல்லாதவன் என்பதும் யாது, இறைவன் இருவரையும் ஏன் படைத்தான், படைத்தபின் ஏன் பிரித்தான் எனத் தன்னைத்தானே வினவுகின்றான். கற்றோரைப் போல் நூல்களில் விடை காண வல்லமை இல்லையே என வருந்துகின்றான்.

பஸ்கா விதியில், கேட்பார் இல்லாதவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும் எனக் கண்டோம். தெவ்யே அந்நிலையையே அடைகின்றான். வேற்றுமை யாதெனின், கேட்பார் இருந்தும் அவன் செவி சாய்க்கவில்லை. ஹவாவைக் கார்க்கி கவர்ந்தார் என்பது மேலோட்டமான உண்மை. வீட்டில் இடம்பெறாத வினா வெளியே இடம் தேடிற்று என்பதே கதையின் உட்பொருள். 1914இல் எழுதிய கதையில் ஹவா திரும்பி வருகின்றாள். ஏற்பதா மறுப்பதா என்பதைத் தெவ்யே கேட்போரிடமே வினாவாக விடுகின்றான். ஆசிரியர் விடையைக் கூறாது நிறுத்தியது கலைத்திறன் மட்டும் அன்று. விடை கூறியே பழகிய தந்தை முதன்முறையாக வினவக் கற்றுக்கொண்டான் என்பதன் அறிகுறி.

5. மகளுக்கு யார் கற்பிப்பது?

ஹவாவின் நிலை கற்பனையில் மட்டும் நிகழ்ந்ததன்று. ஆத்திரிய ஆட்சிக்குட்பட்ட கலீசியாவில் ஆண்பிள்ளைகள் ஹெதெருக்கும் யெஷிவாவுக்கும் செல்ல, பெண்பிள்ளைகள் போலிஷ் மொழிப் பள்ளிகளில் பயின்றனர். தந்தையும் உடன்பிறந்தாரும் ஒரு மொழி பேச, மகள் வேறொரு மொழியில் சிந்தித்தாள். முன்னாளில் முன்னோர் வழக்கம் வலுவாயிருந்தமையால் பெண்டிர் வீட்டைக் கண்டே கற்றனர், அவ் வலிமை குன்றிய இக்காலத்தில் அவர்களுக்கு முறையாகக் கற்பித்தல் கடன் என ரபி இசுரேல் மெயீர் ககான் (1838-1933) எழுதினார். வீடு செய்த பணியை வீடு செய்யவில்லை என்பதைச் சமயத் தலைவர் ஒருவரே ஒப்பிய வாக்குமூலமாக இதனைக் கொள்ளலாம்.

கிராக்கோ நகரில் தையல் தொழில் செய்த சாரா ஷெனீரெர் (1883-1935) என்னும் பெண்மணி 1917இல் 25 சிறுமியரோடு தொடங்கிய பள்ளி, பெய்ஸ் யாக்கோவ் என்னும் பெயரில் 1930களில் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பெருகியது. அவ் வெற்றியின் காரணம் ஆராயத்தக்கது. பாடத்தோடு பாட்டும் பண்டிகையும் நடைப்பயணமும் கூட்டு வாழ்வும் அங்கு அமைந்தன. மாணவியர் அவரைத் தாயாகவே கருதினர். பள்ளி வீடாக மாறியபோது வென்றது என்பதே இதனால் பெறப்படும் முடிவு.

ஐசக் பாஷேவிஸ் சிங்கரின் யெந்தெல் கதை இதன் மறுதலையைக் காட்டுகின்றது. கதவை அடைத்துத் திரையிட்டு மகளுக்குத் தல்மூத் கற்பித்த தந்தை இறந்தபின், யெந்தெல் ஆண்வேடம் பூண்டு யெஷிவாவில் சேர்கின்றாள். வேடம் வேடத்தை வளர்க்க, மணத்திலும் சிக்கி, முடிவில் ஊரைவிட்டே மறைகின்றாள். ஆணுடை அணிந்த பெண்ணின் விந்தைக் கதையாக இதனைக் கொள்வார் உளர். நமக்கோ இது தந்தையிலாப் பிள்ளையின் கதை. தந்தையிலாரை ஏற்கவே பிறந்த பள்ளி, தந்தையிலா மகளை அவள் முகத்தோடு ஏற்கவில்லை.

6. தந்தையிருந்தும் தந்தையிலான்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்கு ஐரோப்பிய யூதர் பெருந்தொகையினராக அமெரிக்காவில் குடியேறினர். ஹென்றி ராத் 1934இல் வெளியிட்ட 'அதனை உறக்கம் என்க' என்னும் பொருள்படும் புதினம் நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் வாழும் டேவிட் ஷெர்ல் என்னும் சிறுவனின் கதை. வெளிவந்த சில ஆண்டுகளில் மறக்கப்பட்ட இந்நூல் 1964இல் மலிவுப் பதிப்பாக வந்தபோதுதான் பெரும்புகழ் எய்தியது. வீட்டில் பேசும் இத்திஷ் செவ்விய ஆங்கிலமாகவும், தெருவில் பேசும் ஆங்கிலம் சிதைந்த ஒலியாகவும் அமைந்த அதன் மொழித்திறம் பலராலும் போற்றப்பட்டது. வீட்டுமொழியே உள்ளத்தின் மொழி என்பதை அவ் அமைப்பே உணர்த்துகின்றது.

டேவிட்டின் தந்தை ஆல்பர்ட் சினமும் ஐயமும் நிறைந்தவன். சிறுவன் தன் மகன்தானா என்றே ஐயுறுபவன். கற்பித்தற் கடன் ஹெதெர் ஆசிரியர் பாங்கோவரிடம் விடப்படுகின்றது. அடியும் வசையுமாக நடக்கும் அவ் வகுப்பில், ஏசாயாவின் உதடுகளைத் தூதன் நெருப்புத்தழலால் தொட்ட செய்தி டேவிட்டின் காதில் விழுகின்றது. அத் தழல் யாது, அவ்வொளி எங்குளது என்னும் வினா அவனைப் பற்றுகின்றது. அந்நூலைத் தேடிப் பூட்டிய ஹெதெருக்குள் சன்னல் வழியே நுழைகின்றான். டிராம் தண்டவாளத்தின் இடையே தான் கண்ட மின்னொளியைப் பற்றிக் கூறும்போது ஆசிரியர் நகைத்து ஒதுக்குகின்றார். கற்பிப்பார்க்கு அவன் எபிரேய எழுத்துகளை விரைந்து படிக்கும் திறமே போதுமாயிருந்தது.

இதன்பின் நிகழ்வதே நூலின் உயிர்ப்பகுதி. தன் தாய் இறந்துவிட்டாள், வீட்டிலிருப்பவள் சிற்றன்னை, உண்மைத் தந்தை வேறொருவன் என்று டேவிட் ஆசிரியரிடம் பொய் புனைகின்றான். சிறுவனின் மனக்குழப்பம் என உளவியல் நோக்கில் இதனை விளக்குவர். பாபா பத்ரா கூறும் வரலாற்றோடு வைத்து நோக்கின் வேறொரு பொருள் தோன்றும். தந்தையிலார்க்காக ஏற்பட்ட பள்ளியில், தந்தையுடைய பிள்ளை தன்னைப் பெற்றோரிலியாக அறிவித்துக்கொள்கின்றான். சொல் பொய், நிலை மெய். ராத் தல்மூதின் அப்பகுதியைக் கருதி எழுதினார் என நாம் கூறவில்லை. பழஞ்சட்டம் கண்ட அதே பிளவைக் கலைஞனின் கண்ணும் கண்டது என்பதே நம் கருத்து.

7. மௌனமும் வினாவும்

ஹைம் போட்டாக் 1967இல் வெளியிட்ட 'தெரிந்தெடுக்கப்பட்டோர்' என்னும் பொருள்படும் புதினம் புரூக்ளினில் இரு குடும்பங்களை எதிரெதிரே நிறுத்துகின்றது. டேவிட் மால்ட்டர் என்னும் ஆசிரியர் தம் மகன் ரூவெனோடு எதனையும் பேசுகின்றார். ஹசீதியர் தலைவரான ரெப் சாண்டர்ஸ் தம் மகன் டானியோடு தல்மூத் ஆராயும் வேளை தவிர வேறு எப்போதும் பேசுவதில்லை. டானி நூலகத்தில் மறைவாக உளவியல் பயில்கின்றான். அவனுக்கு நூல்களைச் சுட்டியவர் மால்ட்டரே. பழமைக்கும் புதுமைக்கும் போர் என்னும் கோட்பாடு இந்நூலுக்கு முற்றும் பொருந்துவதாகத் தோன்றும். ஆயின் மால்ட்டரும் மரபு வழுவாத யூதரே. இருவரும் தல்மூதில் வல்லவர். வேறுபாடு கற்கும் நூலில் இல்லை, பேச்சில் உள்ளது.

மகனின் கூரிய அறிவு இரக்கமற்றதாக வளருமோ என அஞ்சி, அவன் பிறர் துன்பம் உணரும்பொருட்டே மௌனத்தால் வளர்த்ததாக ரெப் சாண்டர்ஸ் இறுதியில் வெளியிடுகின்றார். அதனையும் மகனிடம் நேரே கூறாது, ரூவெனை நோக்கிக் கூறுகின்றார். அது நிகழ்வது பஸ்கா பண்டிகையின்போது. மகன் வினவவும் தந்தை விடையளிக்கவும் விதிக்கப்பட்ட நாளில், பல்லாண்டு மௌனத்துக்குப்பின் தந்தை தாமே பேச்சைத் தொடங்குகின்றார். மகனிடம் மன்னிப்பும் வேண்டுகின்றார். கேட்க அறியாதவனுக்குத் தந்தையே தொடங்கி வைக்க வேண்டும் என்ற விதி இங்கு நிறைவேறுகின்றது. ஆனால் காலம் கடந்தே நிறைவேறுகின்றது.

இப் புதினத்தின் குறையையும் சொல்லுதல் முறை. ரூவெனின் தாய் இல்லை. டானியின் தாயும் தங்கையும் நிழல்களாகவே வந்து மறைகின்றனர். மௌனத்தைப் பற்றிய நூலில் முழுமையாக மௌனம் பெற்றவர் பெண்டிரே. அதனை ஆசிரியர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. 1985இல் அவர் எழுதிய 'டேவிட்டாவின் யாழ்' என்னும் புதினம் இக் குறைக்கு ஈடு செய்கின்றது. தந்தையை இழந்த சிறுமி டேவிட்டா சமயப் பள்ளியில் சேர்ந்து, ஆண்மக்களுக்கே உரிய இரங்கல் வழிபாட்டைத் தந்தைக்காகத் தானே ஓதுகின்றாள். கல்வியில் முதன்மை பெற்றும் பெண் என்பதால் பரிசு மறுக்கப்படுகின்றாள். யெந்தெலின் வினா வேடமின்றி மீண்டும் எழுகின்றது.

8. இக்காலம்

1939 முதல் 1945 வரை நிகழ்ந்த பேரழிவில் ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். கிழக்கு ஐரோப்பாவில் பல நூற்றாண்டு தழைத்த வீடுகளும் அவற்றோடு அழிந்தன. நூல்களை மீண்டும் அச்சிடலாம். பாட்டியின் கையசைவை அச்சிட இயலாது. போருக்குப்பின் அமெரிக்காவிலும் இசுரேலிலும் சமயப் பள்ளிகள் முன்னெப்போதும் இல்லாத அளவு பெருகின. ஹைம் சொலவேய்ச்சிக் என்னும் வரலாற்றறிஞர் 1994இல் வெளியிட்ட கட்டுரை இம் மாற்றத்தை நுணுகி ஆராய்கின்றது. முன்பு ஒழுக்கம் வீட்டில் கண்டு கற்கப்பட்டது. பின்பு நூலைப் பார்த்துக் கற்கப்படுவதாயிற்று. பள்ளி வீட்டின் இடத்தைப் பெற்றது என்பது அவர் துணிபு. இம் முடிவை வரலாற்றாசிரியர்க்கு முன்னரே படைப்பிலக்கியம் குறிப்பாகக் கண்டுகொண்டது என்பதை மேற்கூறியவை காட்டும்.

பள்ளியைக் குறை கூறுதல் நம் நோக்கம் அன்று என்பதும் ஈண்டுக் கூறற்பாலது. வீடே போதும் என்பார்க்கு யோசுவா பென் கம்லாவின் காலத்துத் தந்தையிலாச் சிறுவன் விடை கூறுவான். யெந்தெலும் விடை கூறுவாள். கிளிக்கெலின் வீடு செல்வமும் கல்வியும் வாய்ந்த வீடு. எல்லா வீடும் அத்தகையதன்று. தல்மூதை நாளொரு தாளாகப் பயிலும் முறையை 1923இல் ரபி மெயீர் ஷப்பீரோ தொடங்கி வைத்தார். அதன் 2,711 தாள்களைப் பயின்று முடிக்க ஏழரை ஆண்டாகும். 2020 சனவரியில் அச்சுற்று நிறைவெய்தியபோது எருசலேமில் பெண்டிர் பல்லாயிரவர் கூடித் தமக்கென விழா எடுத்தனர். பென் அசாயின் கருத்துக்கு நெடுங்காலம் கழித்துக் கிடைத்த வெற்றி அது. அவ் வெற்றியை வீடு மட்டும் தந்திருக்க இயலாது.

ஆதலின் நாம் கொள்ளும் முடிவு இது. பள்ளி, தந்தையிலாப் பிள்ளைக்குத் தந்தையாக நின்றபோது தன் பிறப்பின் நோக்கத்தை நிறைவேற்றியது. தந்தையுடைய பிள்ளையின் தந்தை தன் கடனை இறக்கிவைக்கும் சுமைதாங்கியாக அது ஆனபோது, தந்தையிருந்தும் தந்தையிலார் பெருகினர். தெவ்யேயின் ஹவாவும் ராத்தின் டேவிட்டும் போட்டாக்கின் டானியும் அவ் வரிசையில் நிற்பவர். இவர்கள் மரபை வெறுத்துப் பிரிந்தவர் அல்லர். மரபு தமக்கு வாக்களித்த விடையைக் கேட்டு நின்றவர். இவ் இலக்கியங்களைப் பழைமையின் தோல்வி என்றோ புதுமையின் வெற்றி என்றோ எடையிடுதல் அவ் வினாவை மீண்டும் ஒருமுறை கேளாது விடுதலாகும். கிளிக்கெலின் மூன்றாம் குஞ்சு கூறிய விடையே இன்றும் இவற்றை அளக்கும் கோல்: பெற்றதைத் தன் பிள்ளைக்குத் தானே தருவேன் என்பவன் எவனோ, அவன் வழியே மரபு கரை சேரும்.